ஏழு முறை நின்ற பம்ப்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கள் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது, ஏனென்றால் இதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஏற்றுகிற பம்ப் இருக்கிறதே, அதன் பொத்தானை யார் எப்போது அமுக்கினாலும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த இரவின் பட்டியல் ஒரு தாளில் என்னிடம் இருக்கிறது. பம்ப் ஓடியதும் நின்றதுமாக நான் கீழே சொல்லும் நேரங்கள் எல்லாம் அதில் உள்ளவைதான்.

ஊர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அலாஸ்காவின் வட கடற்கரை, விமானத்தில்தான் போகவேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

என் பெயர் கெண்ட்ரா. சொந்த ஊர் நெப்ராஸ்கா. நர்சிங் முடித்துப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. டிராவல் நர்ஸ் வேலை எப்படி என்றால், பதின்மூன்று வாரம் ஒரு ஊர், அடுத்த பதின்மூன்று வாரம் இன்னொரு ஊர். எங்கே ஆள் பற்றவில்லையோ அங்கே அனுப்புவார்கள். ஒரு வருடமாவது ஒரே இடத்தில் வேலை பார்த்தவளைத்தான் எடுக்கவேண்டும் என்று விதி. ஏஜென்சியில் என்னைக் கவனித்துக்கொண்ட பிராடி என்ற பையன், "பதினோரு மாசம்னா என்ன, ஒரு வருஷம்னா என்ன, ரவுண்டா போட்டுக்கலாம் விடு" என்றான். நானும் விட்டுவிட்டேன். ஊரைவிட்டு வெளியே போகவேண்டும் என்ற அவசரம் எனக்கு.

போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் எனக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு நான்கு மூத்த நர்ஸ்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். இங்கே இரவில் மொத்தமே இரண்டு பேர். நான் ஒருத்தி, ரோக்ஸேன் ஒருத்தி. ரோக்ஸேன் இருபது வருடமாக அங்கேயே இருப்பவர், அதிகம் பேசமாட்டார். பழகிக்கொள்ள எனக்குக் கொடுத்தது அரை நாள். மருந்து அலமாரி எங்கே, கழிவறை எங்கே, காப்பி எங்கே என்று காட்டினார்கள், முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். என் கையால் யாராவது செத்துவிடக்கூடாது.

இன்னொன்றும் இருந்தது. தூக்கம். ஜூலை மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கவேண்டும். ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டி, அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டாலும் எங்கிருந்தோ ஒரு கீற்று வந்து சரியாகக் கண்ணில் விழும். ஆறு வாரமாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. படுத்தால் தூக்கம் வராது, நின்றால் கண் சொருகும். அப்படி ஒரு அலுப்பு.

ஜூலை நான்கு. சுதந்திர தினம். வெயிலிலேயே வாணவேடிக்கை விட்டார்கள். சத்தம் மட்டும் கேட்டது, வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது தொடர்ந்து மூன்றாவது இரவு வேலை.

இரவு பத்தரைக்கு இரண்டு படகுகள் மோதிக்கொண்டதில் அடிபட்ட நான்கு பேரைத் தூக்கிவந்தார்கள். கடலில் மூடுபனி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் இறங்க முடியாது. இருந்த ஒரே டாக்டரும் ரோக்ஸேனும் கீழே அவசரப் பிரிவிலேயே மாட்டிக்கொண்டார்கள். மாடி வார்டு முழுக்க என் தலையில்.

11:20. நான்காம் அறைக்கு ஒரு பெரியவரை மேலே அனுப்பினார்கள். பெயர் ஆர்லோ. எழுபத்தொரு வயது, சரக்குப் படகுகளில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். நெட்டையான, ஒடிசலான ஆள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருந்தது. இருந்த கட்டில்களை எல்லாம் படகுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதால் கிடங்கிலிருந்து ஒரு பழைய கட்டிலை இழுத்துவந்து அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"சோளக்காட்டுப் பொண்ணா? கடலப் பாத்து மயக்கம் போட்டு விழலையே?" என்றார். நல்ல மனிதர்.

அவருக்கு ஹெப்பாரின் ஏற்றவேண்டும். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற மருந்து. அளவு குறைந்தால் கட்டி வளரும். கூடினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும், மூளையில் கசிந்தால் கதை முடிந்தது. ஆளின் எடையைப் பம்பில் போட்டால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கட்டிலிலேயே எடை பார்க்கும் வசதி உண்டு. 172 என்று காட்டியது. 172 என்று போட்டேன். பம்பில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. அந்த மாதிரி எச்சரிக்கை ஒரு இரவுக்கு நாற்பது வரும், ஈயை விரட்டுவது போல விரட்டிப் பழகியிருந்தேன். இதையும் தட்டிவிட்டேன்.

இந்த மருந்துக்கு இரண்டு நர்ஸ்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். ரோக்ஸேனுக்குப் போன் போட்டேன். பின்னால் யாரோ வலியில் கத்துவது கேட்டது.

"பத்து நிமிஷம் குடு, நானே வரேன். தனியா ஆரம்பிக்காத" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வரவில்லை. கட்டி காத்திருக்காது என்று எனக்குப் பதற்றம். கம்ப்யூட்டரில் 'இரண்டாம் நர்ஸ் இல்லை, அவசரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அமுக்கினேன்.

11:48. பம்ப் ஓட ஆரம்பித்தது.

12:20. பீப்... பீப்... பீப்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் 'நிறுத்தப்பட்டது' என்று இருந்தது. குழாய் மடங்கினாலோ காற்று புகுந்தாலோ அதற்கென்று தனி வாசகம் வரும். இது அப்படி இல்லை. யாரோ பொத்தானை அமுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அறையில் ஆர்லோ மட்டும்தான். அவர் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் பம்ப் இருந்தது.

"நான் தொடல கண்ணு" என்றார்.

தெரியாமல் கை பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டேன்.

12:41. பீப்... பீப்.

மறுபடியும் 'நிறுத்தப்பட்டது'. மறுபடியும் ஓடவிட்டேன். பம்பை அரையடி தள்ளி வைத்தேன்.

1:05. இந்த முறை ஆர்லோ குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் போர்வைக்குள். தூக்கத்தில் செய்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். களைத்துப்போன மூளைக்கு எதுவும் சமாதானம்தான்.

1:32. நிறுத்தும் பொத்தான் ஈரமாக இருந்தது. அதன்மேல் என்னவோ மின்னியது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். மீன் செதில். ஒரே ஒரு செதில், புதுசு. மீன்பிடிக்கிற ஊர், யார் கையில்தான் செதில் இல்லை? துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அறை மட்டும் சில்லென்று இருந்தது.

1:58. ஆர்லோ விழித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பம்பின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவ உக்காரச் சொல்லேன். வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கு."

அங்கே யாரும் இல்லை. என்ன தேதி என்று கேட்டேன், தப்பாகச் சொன்னார். சரி, பெரியவருக்குப் புத்தி தடுமாறுகிறது, அதனால்தான் பம்பை நோண்டுகிறார் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்து தடவை ஓடியிருக்கிறேன், கால் கெஞ்சுகிறது, இந்தக் கிழவர் விளையாடுகிறார் என்று கோபம்.

இப்படி நோண்டுகிறவர்களுக்குக் கையுறை போடுவது உண்டு. தலையணை மாதிரித் தடித்த துணி உறை, மணிக்கட்டில் பட்டை வைத்துக் கட்டிவிடலாம். விரலை அசைக்க முடியாது. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் காதில் வாங்காமலே சரி சரி என்றார்.

2:15. கட்டினேன்.

ஆர்லோ கைகளைத் தூக்கிப் பார்த்தார். "குத்துச்சண்டைக்கு அனுப்பப் போறியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சிரிக்காமல், "நான் தொடலன்னு சொன்னேனே" என்றார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

2:31.

பீப்... பீப்... பீப்...

வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. ஆர்லோ தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் உறையோடு வயிற்றின்மேல் இருந்தன. பட்டைகள் நான் கட்டியபடியே இருந்தன.

திரையில் 'நிறுத்தப்பட்டது'.

மெஷின் பழுது. அப்படித்தான் இருக்கவேண்டும். வேறு பம்ப் இல்லை, எல்லாம் கீழே. அவர் மூக்கில் லேசாக ரத்தம் தெரிந்தது. ஆக்சிஜன் குழாய் மூக்கை உலர்த்தும், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். துடைத்தேன். மறுபடி ஓடவிட்டேன்.

வெளியே வந்து மேஜையில் உட்கார்ந்தேன். நான்காம் அறையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்கு ஒரே வாசல்தான். யாரும் உள்ளே போகவில்லை.

3:04.

பீப் சத்தம் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்பின் 'கிர்ர்' சத்தம் மட்டும் சட்டென்று நின்றது.

எழுந்து போனேன்.

கரையில் மூடுபனி விலகி, சூரியன் ஜன்னல் வழியாக நேராக அடித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். இருட்டில் பார்த்திருந்தால் கண் ஏமாற்றியது என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

பம்பின் பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

அறுபது வயது இருக்கும். குட்டை, அகலமான தோள். நீலக் கம்பளிச் சட்டை. விரல் நிறுத்தும் பொத்தானின்மேல்.

எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது, நிம்மதியில். வீட்டிலிருந்து இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மூக்கின்மேலும் கன்னத்திலும் முகமூடி அழுத்திய சிவந்த தடம் இருந்தது. எங்கள் எல்லோர் முகத்திலும் இருப்பதுதான். கொஞ்சம் ஆழமாக இருந்தது, அவ்வளவுதான்.

"ரோக்ஸேன் அனுப்பினாங்களா?" என்றேன்.

அவர் பம்பின் திரையைத் தொட்டார்.

"எடைய சத்தமா படி."

கரகரத்த, சின்னக் குரல்.

"நூத்தி எழுபத்திரண்டு."

"என்ன நூத்தி எழுபத்திரண்டு?"

"கிலோ" என்றேன்.

அவர் ஆர்லோவைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஒடிசலான மனிதர். போர்வைக்கு மேலே தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது...

இவரா நூற்று எழுபத்திரண்டு கிலோ?

குனிந்து கட்டிலின் திரையைப் பார்த்தேன். 172. அதன் ஓரத்தில், எறும்பு அளவுக்கு, பவுண்டு என்று இருந்தது.

எங்கள் நாட்டில் வீட்டில் பவுண்டு, மருந்துக்குக் கிலோ. குழந்தையிலிருந்து பவுண்டிலேயே எடை பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், நூற்று எழுபத்திரண்டு என்றதும் கண்ணுக்கு உறுத்தவில்லை. அவருடைய சரியான எடை எழுபத்தெட்டு கிலோ. இரண்டு மடங்குக்கு மேல் மருந்தை மூன்று மணி நேரமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

நின்றபோதெல்லாம்... நான்தான் ஓடவிட்டேன்.

குனிந்தபடியே என் கண்ணில் பட்டது அந்தப் பெண்மணியின் கால். செருப்பு இல்லை. மஞ்சள் நிறக் காலுறை, வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் புள்ளி வைத்தது. அதை நர்ஸ்கள் போடமாட்டார்கள்.

நோயாளிகளுக்குத்தான் போட்டுவிடுவோம்.

பொத்தானிலிருந்து கையை எடுத்தார். சட்டைக் கை விலகியது.

மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவந்த பட்டைத் தடம்.

நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

நான் நின்றது கட்டிலின் கால்மாட்டில், வாசலை மறித்துக்கொண்டு. என்னைத் தாண்டி யாரும் போகவில்லை.

அலறவேண்டும் என்று தோன்றியது. ஆர்லோவின் மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அலற நேரம் இல்லை. மருந்துக் குழாயைக் கழற்றினேன். டாக்டருக்குப் போன் போட்டு, "நான் தப்பு பண்ணிட்டேன்" என்றுதான் ஆரம்பித்தேன். இந்த முறை அவர் காதில் வாங்கினார். ஓடிவந்தார். ஹெப்பாரினை முறிக்கிற மருந்தைக் கொடுத்தோம். தலையைப் படம் எடுத்தோம். மூளையில் கசிவு இல்லை. மூக்கில் வழிந்த ரத்தம் நிற்க 4:40 ஆனது. சரியான எடையைப் போட்டு மறுபடி ஆரம்பித்தபோது டாக்டரே நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு பம்ப் நிற்கவே இல்லை.

கையுறையை அவிழ்க்கும்போது ஆர்லோவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்தம்மா போயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாவம், கால் வலிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார், பிழைத்துக்கொண்டார். என்மேல் விசாரணை வந்தது. பதினோரு மாத விஷயமும் வெளியே வந்தது, ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிந்தது. உரிமம் மட்டும் தப்பியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆர்லோ உயிரோடு இருக்கிறார், எனக்கு அது போதும்.

சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

அன்று காலை 7:20. ரோக்ஸேன் மேலே வந்தார். சட்டையெல்லாம் ரத்தக்கறை, கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. இருவரும் கால் நீட்டிக் கீழேயே உட்கார்ந்துவிட்டோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அவ்வளவு களைப்பு. மணிக்கட்டுத் தடத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. எழுந்து நான்காம் அறைக்குப் போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தார். அது கிடங்கைவிட்டு வெளியே வந்திருக்கவே கூடாது என்றார்.

அப்புறம் சொன்னார். அந்தப் பெண்மணியின் பெயர் மேமி. மீன் கம்பெனியில் முப்பது வருடம் எடை போட்டவர். தராசில் விழுகிற எடையை உரக்கப் படித்து எழுதவைப்பதுதான் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில் இதே நான்காம் அறையில், இதே கட்டிலில்தான் இறந்துபோனார். நுரையீரலில் ரத்தக்கட்டி. ஹெப்பாரின். மூச்சுக்காக முகமூடியை இறுக்கி மாட்டியிருந்தார்கள், பேச முடியாது. பவுண்டைக் கிலோவாகப் போட்டது என்னைப் போலவே பதின்மூன்று வாரத்துக்கு வந்திருந்த ஒரு நர்ஸ். போட்டுவிட்டு அவள் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டாள். இரவு பார்த்துக்கொண்டது ரோக்ஸேன்.

"மேமி பம்ப நிறுத்திக்கிட்டே இருந்தா. நான் ஓடவிடுவேன், அவ நிறுத்துவா. ஸ்க்ரீனக் காட்டிக் காட்டி என்னமோ சொன்னா. முகமூடிக்குள்ள எனக்கு ஒண்ணும் புரியல. புத்தி தடுமாறிடுச்சுன்னு நெனச்சேன்."

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கைய கட்டினது நான்தான்."

அப்புறமும் பம்ப் நின்றதா என்று கேட்டேன்.

"இல்ல கெண்ட்ரா. அதுக்கப்புறம் ஒரு தடவகூட நிக்கல. காலைல ஆறு மணி வரைக்கும் அழகா ஓடிச்சு. நானும் அப்பாடான்னு உக்காந்து ஒரு காப்பி குடிச்சேன்."